ஒரு நாற்காலியைப் படகில் ஏற்ற அனுமதி வேண்டி

அனுப்புநர்:
ஓட்வார் லித்லேவிக் (வயது 66),
4, பள்ளிக்கூடச் சாலை,
லங்ஹோல்மா தீவு, நார்வே.

பெறுநர்:
பிரிவு அலுவலர் அவர்கள்,
படகுப் போக்குவரத்துப் பிரிவு,
ஸ்கார்விக்.

பொருள்: வாகனப் படகு ஐந்து வாரங்களாக ஓடாததால் வீடு மாறுவது தடைப்பட்டிருப்பது, பயணிகள் படகில் ஒரே ஒரு நாற்காலியை ஏற்ற அனுமதி கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் மனைவி யோருனுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. எங்கள் படுக்கையறைக்குப் போகப் பதினான்கு படிகள் ஏற வேண்டும். ஆகவே தீவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, ஸ்கார்விக்கில் தரைத்தள வீடு ஒன்று வாங்கினோம். அக்டோபர் 16 அன்று அவருக்கு அறுவை சிகிச்சை. அதற்குள் அங்கே குடியேறிவிட வேண்டும்.

2. ஆகஸ்ட் 28 அன்று எங்கள் சாமான்களை ஏற்றிய லாரி படகுத்துறையில் போய் நின்றது. அன்று காலைதான் லாரிகள் ஏறும் இரும்புப் பாலம் உடைந்து கடலுக்குள் தொங்கியது. சாமான்களை மறுபடி வீட்டிலேயே இறக்கினோம். தங்கள் அலுவலகத்துக்கு ஏழு முறை தொலைபேசினேன். ஏழு முறையும் அடுத்த வாரம் சரியாகிவிடும் என்றார்கள். மிகவும் அன்பாகத்தான் சொன்னார்கள், அதில் குறையில்லை.

3. செப்டம்பர் முதல் தேதி, வீட்டை வாங்கிய மாரித், சிமென் தம்பதியர் இரண்டு மகள்களோடும் கைப்பெட்டிகளோடும் பயணிகள் படகில் வந்து இறங்கினார்கள். அவர்கள் வாடகை வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. அவர்களுடைய சாமான்களோ அக்கரையில், ஸ்கார்விக்கில், ஒரு கிடங்கில். அன்றுமுதல் ஒரே வீட்டில் ஆறு பேர், ஒரே குளியலறை. எங்கள் வாணலி 'குளிர்கால உடைகள்' என்று நானே எழுதி வைத்த பெட்டியில் கிடைத்தது. அதைச் சொல்லி அந்தச் சிறுமிகள் இன்னும் சிரிக்கிறார்கள்.

4. செப்டம்பர் 23 அன்று மீன் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது மாரித் சொன்னார்: "நீங்க அங்க எங்க கட்டில்ல படுத்துக்குங்க. நாங்க இங்க உங்க கட்டில்ல படுத்துக்கறோம். படகே வேணாமே?" யோருன், "உங்க மெத்தை கெட்டியா இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிவாயிற்று. சிமென் மறுநாளே அக்கரைக்குப் போய் அவர்களுடைய சாமான்களை எங்கள் புது வீட்டில் இறக்கி வைத்தார். என் மேசையை விட எனக்கு மனமில்லைதான். ஆனால் மூத்தவள் அதில் வீட்டுப்பாடம் எழுதத் தொடங்கிவிட்டாள், மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

5. தீராத குறை ஒன்றே. அவர்களுடைய சோபா முழங்காலுக்கும் கீழே தாழ்ந்தது. சிகிச்சைக்குப் பின் தாழ்ந்த இருக்கையில் உட்காரவே கூடாது என்பது மருத்துவமனையின் உத்தரவு. புதிதாக வாங்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். ஸ்கார்விக் கடைகளில் யோருன் பதினொரு நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்தார். ஒன்றிலிருந்தும் என் கையைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. எங்களிடம் உள்ள உயரமான கைவைத்த நாற்காலியிலிருந்து மட்டும் தானாக எழுகிறார். அவர் தானாக எழுந்து நடக்க வேண்டும் என்றுதான் அம்மையீர், நாங்கள் வீடே மாறுகிறோம்.

6. செப்டம்பர் 27 அன்று அந்த நாற்காலியைத் துறைக்குக் கொண்டுபோனேன். பயணிகள் படகின் தலைவர் ஹெல்கே என் பழைய நண்பர். "எனக்கும் ஏத்தணும்னுதான் இருக்கு ஓட்வார். ஆனா இந்தப் படகுல கைச்சுமைக்கு மட்டும்தான் அனுமதி. கையில தூக்கிட்டு வர்றதுதான் கைச்சுமை. இதுக்கு நாலு கை வேணும். ஆபீஸ்ல ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க, நானே தூக்கறேன்" என்றார். அவர் மீது எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை.

7. ஆகவே பாலத்தை விரைந்து செப்பனிடுமாறும், அதுவரை காத்திராமல், அக்டோபர் 11 புதன்கிழமை காலை ஒன்பது மணிப் படகில் இந்த ஒரு நாற்காலியை ஏற்றிக்கொள்ள ஹெல்கேவுக்கு ஒரு வரி எழுதுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

8. கடிதம் வராவிட்டால், அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே தன்னைத் தூக்கிப் படகில் வைக்கச் சொல்கிறார் யோருன். "உக்காந்திருக்கிற பயணிய எழுப்பணும்னு எந்த விதியில இருக்கு?" என்பது அவருடைய வாதம். விதிப்புத்தகம் முழுவதையும் படித்துவிட்டேன். அப்படி ஒரு விதி இல்லை. தூக்குவதற்கு நான்கு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். இருந்தாலும் முறைப்படி செல்வதையே விரும்புகிறேன்.

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்) ஓட்வார் லித்லேவிக்

உடன் கையொப்பமிடுவோர்: யோருன் லித்லேவிக், மாரித், சிமென்

இடம்: லங்ஹோல்மா
நாள்: 2 அக்டோபர் 2023