மழையை மறிப்பவள்

என் பிரியமுள்ள அத்தை,

மண்ணுக்குள்ளும் உங்களை ஊர் நிம்மதியாக விடவில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. இரண்டிலும் மழை இல்லை. பந்தல்குடிப் பக்கம் தூறல் விழுந்ததாம். நம் ஊருக்கு ஒரு சொட்டு வரவில்லை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை பெண்கள் மழைச்சோறு எடுக்க வந்தார்கள். வீடு வீடாகச் சோறு வாங்கி, ஒரே பானையில் கலந்து, ஊர் எல்லையில் உட்கார்ந்து தின்று, பஞ்சத்தில் ஊரைவிட்டே போகிறோம் என்று அம்மனிடம் ஒப்பாரி வைப்பார்கள். ஞானஸ்நானம் எடுத்த பிறகு நீங்கள் சோறு மட்டும் கொடுத்தீர்கள். ஒப்பாரிக்குப் போகவில்லை. பிறகு உங்கள் சோற்றையும் வாங்க மறுத்தார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிது. நீங்கள் தட்டோடு வாசலில் நின்றீர்கள்.

"அல்லேலூயா வீட்டுச் சோறு விழுந்தா வார மழையும் வந்த வழியே போயிரும்டி" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். எப்படி முடிந்தது அத்தை? நான் மதுரையில் பிறப்பிலேயே கிறிஸ்தவள். என் விசுவாசத்துக்கு யாரும் விலை கேட்டதில்லை.

இந்த முறை எதிர்வீட்டு முத்துமாரி அக்கா மட்டும் நம் வாசலில் நின்றார்.

"ஏத்தா, ஒங்கத்த செத்தும் மழய மறிச்சுக்கிட்டுக் கெடக்காளாம். குறி சொல்றவரு சொல்லிட்டாரு. தோண்டி எடுத்து எரிச்சாத்தான் பெய்யுமாம்."

"அவுக என்னக்கா பண்ணுனாக?"

"ஊரே அழுகையில அழுவாதவ. அது போதாதா? எனக்கும் மனசு கேக்கல. நீ வந்து எங்களோட உக்காரு. அத்த செஞ்ச தப்பப் பொறுத்துக்க தாயின்னு அம்மனக் கும்புட்டு ஒரு வாட்டி அழுதுரு. குழியத் தொடமாட்டாக."

உங்கள் மகன் அருப்புக்கோட்டையிலிருந்து வந்ததும் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்தார்.

"அழுதுட்டுத்தான் வாயேன். ஆண்டவருக்குத் தெரியாதா? எங்கம்மா எலும்பு அது, பிள்ள."

அன்றிலிருந்து யார் வீட்டில் உலக்கை விழுந்தாலும் எனக்குக் கடப்பாரைச் சத்தம். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தைக்கு முன்னால் அதுதான் வருகிறது. சிலசமயம் உள்ளிருந்தும் யாரோ தட்டுவதுபோல.

நேற்று முத்துமாரி அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"சோறு தாரேன்க்கா. அழுகவும் அழுவேன், எனக்கும் தொண்ட வறண்டுதான் கெடக்கு. ஆனா அவுக தப்புப் பண்ணுனாகன்னு சொல்லமாட்டேன். அம்மனக் கும்புடவும் மாட்டேன்."

"காலேசுப் படிப்பு பேசுது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெள்ளிக்கிழம காலைல ஒங்க புஞ்சைக்கு வருவாக. நீ அங்க நிக்காதத்தா. கண்ணால பாக்கக் கூடாது."

அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

நாளை வெள்ளி.

உங்களைக் கொடுத்துவிட்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டேனா? எரிந்த எலும்பையும் ஆண்டவர் எழுப்புவார் என்று நம்புகிறேன். நம்பிக்கொண்டே நடுங்குகிறேன். கடப்பாரையைவிட எனக்கு வேறொரு பயம் பெரிது. அதை உங்கள் மகனிடமும் சொல்லவில்லை. உங்களை எரித்த மறுநாளே மழை பெய்துவிட்டால்? ஊர் முழுக்க நனைந்துகொண்டு என்னைப் பார்க்கும். அப்போது எனக்குள் என்ன மிஞ்சும்?

ஒரு வாக்குத் தருகிறேன் அத்தை. நாளை நான் அங்கே நிற்பேன். ஏசமாட்டேன். கண்ணை மூடமாட்டேன். அவர்கள் போனபின் உங்கள் சாம்பலை முந்தானையில் அள்ளி, நம் புஞ்சையிலேயே மறுபடி புதைப்பேன். மழை பெய்தால் பெய்யட்டும், பிள்ளைகள் குடிக்கட்டும். நானும் தெருவில் இறங்கி எல்லோரோடும் நனைவேன். அத்தனை பேர் கேட்க, நம் ஆண்டவருக்கே ஸ்தோத்திரம் சொல்வேன்.

உங்கள் வீட்டுக்கு வாழவந்த மகள்