ஸ்டூலோடு வேலைக்குப் போன வாரம்

மார்ச் 4, திங்கள்

மறுபடியும் தோள் வலி. காலையில் வேலைக்குப் போகிற லாரியில் எனக்கு டிரைவர் வுத்தி அண்ணனின் கேபினை ஒட்டிய மூலை கிடைத்தது. பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிற ஒரே இடம் அதுதான். பக்கத்து மெஷின் மாலிஸுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். அவளுக்கு ஆறாம் மாதம். தையல் தொழிற்சாலையில் அதிகாரிகள் யாருக்கும் தெரியாது. தொளதொளச் சட்டை போட்டுச் சமாளிக்கிறாள். எங்கள் இருவருக்கும் இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. வயிறு தெரிந்தால் புது ஒப்பந்தம் கிடையாது; எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் அது.

நிமோல் அக்கா நெரிசலில் நசுங்கிக்கொண்டே சொன்னாள்: "இதே வண்டியில மாடு ஏத்தினா பாதிதான் ஏத்துவான். மாடு விழுந்தா நஷ்டமாச்சே."

சிரித்தோம். வாய்விட்டுச் சிரிக்கக்கூட இடமில்லை.

மார்ச் 6, புதன்

நெடுஞ்சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது. வுத்தி அண்ணன் பிரேக் போட்டார். பின்னால் நின்றவர்கள் மொத்தமாக முன்னால் சாய்ந்தோம். மூலையில் மாலிஸ்; அத்தனை பேர் பாரமும் அவள் வயிற்றின் மேல். நான் கொடுத்த மூலை — நல்ல இடம்னு நினைச்சுத்தானே கொடுத்தேன்?

பாதியில் கிளம்பினால் காரணம் கேட்பார்கள் என்று நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து காலர் தைத்தாள். வயிற்றில் கை வைத்து, என் பக்கம் திரும்பி ஒரே ஒரு தடவை, "அசையல" என்றாள். அப்புறம் நான் தைத்ததெல்லாம் கோணல். பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

சாயங்காலம் சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வைத்தாள். டக்டக்கென்று குதிரை ஓடுவது போலச் சத்தம். மாலிஸ் அழவில்லை. நான்தான் அழுதேன். "இதுல யாருக்கும்மா குழந்தை?" என்று நர்ஸ் கேட்டாள்.

மார்ச் 7, வியாழன்

அலுவலகத்தில் ஒப்பந்தங்களைக் கவனிக்கிற புந்தான் சாரைப் பார்த்து, லாரியில் கூட்டத்தைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றேன். "லாரி கம்பெனியோடது இல்லம்மா" என்றார். வுத்தி அண்ணனிடம் கேட்டேன். தலைக்கு இவ்வளவு என்றுதான் வாங்குகிறாராம், ஆளைக் குறைத்தால் டீசலுக்கே கட்டாதாம். ஆக, யார் மேலும் தப்பில்லை. நசுங்கினவள் மேல்தான் தப்பு போல.

மார்ச் 8, வெள்ளி

மகளிர் தினம், விடுமுறை. நிமோல் அக்கா வீட்டில் மீன் குழம்பு ஊற்றிய அரிசிச் சேவை. ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தோம். அவள் தம்பி கல்யாணங்களுக்குப் பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவன். அவனுடைய பிளாஸ்டிக் ஸ்டூல்களைப் போட்டிருந்தாள்.

மாலிஸ் அப்பாடா என்று உட்கார்ந்து காலை நீட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த எனக்கு அது தோன்றியது. இதையே லாரியில் போட்டால் என்ன? உட்கார்ந்தால் பாதிப் பேர்தான் ஏற முடியும். மீதிப் பேர் அடுத்த நடைக்குக் காத்திருக்கட்டும்.

வேலைநிறுத்தம் என்று பிடித்துவிடுவார்களே என்று ஒருத்தி பயந்தாள்.

"நாம எங்கடி நிறுத்தறோம்? உக்கார்றோம்" என்றாள் நிமோல் அக்கா.

மார்ச் 11, திங்கள்

ஆளுக்கொரு ஸ்டூல். சிவப்பு, நீலம், காலுடைந்து கயிறு கட்டியது ஒன்று. வுத்தி அண்ணன், "எவ கல்யாணத்துக்குடி போறீங்க?" என்றார். பாதி வண்டி நிறைந்ததும் மற்றவர்கள் சாலையோரத்தில் ஸ்டூலைப் போட்டு, சுட்ட வாழைப்பழம் தின்றுகொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மனிதர் கத்தினார், ஹாரன் அடித்தார், கடைசியில் கிளம்பினார்.

நெரிசல் இல்லாத காற்று முகத்தில் பட்டது. அந்தச் சாலையில் தாமரைக் குளம் ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷம் போயும் இன்றுதான் பார்த்தேன்.

இரண்டாம் நடை வந்து சேரும்வரை எங்கள் வரிசையில் பாதி மெஷின் சும்மா கிடந்தது.

மார்ச் 12, செவ்வாய்

இன்றும். பக்கத்து ஊர் லாரியிலும் ஸ்டூல்!

மார்ச் 13, புதன்

புந்தான் சார் கூப்பிட்டார். யார் ஆரம்பித்தது என்று கேட்டார். எல்லோருக்கும் கால் வலிக்கிறது சார் என்றேன்.

"உன் ஒப்பந்தம் எப்ப முடியுதுன்னு தெரியுமா, தவ்ரி?"

"தெரியும் சார், மாசக் கடைசி. அதுவரைக்கும் உக்காந்துதான் வருவேன்."

எங்கிருந்து வந்தது அந்த வாய்? வெளியே வந்து கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அம்மாவும் மகளும் என் ஒருத்தியைத்தானே நம்பி இருக்காங்க. வேலை போச்சுன்னா? போச்சுன்னா தாய்லாந்துக்குக் கூலி வேலைக்குத்தான், கூடப் பிறந்த அக்கா மாதிரி. அக்கா போய் மூன்று வருஷம். ஒரு புத்தாண்டுக்கும் ஊர் வரவில்லை.

மார்ச் 14, வியாழன்

ஸ்டூல்களை இறக்கிவிடச் சொல்லி வுத்தி அண்ணனுக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்ததாம். ஸ்டூல் அந்தப் பெண்களோடது, தன்னால் இறக்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லிவிட்டு, பின்னால் திரும்பாமலே, "அன்னிக்கு பிரேக் போட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல" என்றார். மாலிஸ் ஒரு மாங்காயை உப்பு மிளகாயோடு கேபின் ஜன்னல் வழியாக அவரிடம் நீட்டினாள்.

மார்ச் 16, சனி

கப்பலுக்குப் போக வேண்டிய சட்டைகள் பாதியில் நிற்கின்றன. சீன மேலாளரே வாசலுக்கு வந்து நாங்கள் ஸ்டூலோடு இறங்குவதைப் பார்த்தார். மத்தியானம் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: கம்பெனி செலவில் எங்கள் இரண்டு ஊருக்கும் இருக்கை வைத்த பஸ்கள். எங்கள் ஊர் வண்டியை ஓட்டப்போவது வுத்தி அண்ணன்.

யாரும் கத்தவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வரிசை முழுக்கப் பல்லு மட்டும் தெரிந்தது.

மார்ச் 25, திங்கள்

பஸ் வந்துவிட்டது. பழசுதான். ஏறி அரை மணி நேரத்தில் புகார்கள்: ஜன்னல் திறக்கவில்லை, வுத்தி அண்ணன் அழுகைப் பாட்டு போடுகிறார், நிமோல் அக்கா குறட்டை விடுகிறாள். உட்கார இடம் கிடைத்தால் மனுஷிக்கு எத்தனை குறை கண்ணில் படுகிறது!

மார்ச் 30, சனி

ஒப்பந்த நாள். மாலிஸ் தொளதொளச் சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள். வயிறு அவளுக்கு முன்னால் அறைக்குள் போனது. பின்னால் எங்கள் வரிசை முழுக்கக் கதவோரம் நின்றோம். புந்தான் சார் வயிற்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அவளுக்கும் எனக்கும் மூன்று மாதம்தான். வழக்கமாக ஆறு கொடுப்பார்கள். குழந்தை பிறக்கிற நேரத்தில் அவளுடையது முடியும்.

மூன்று மாதம் இருக்கிறதே, அடுத்து என்ன செய்வதென்று யோசிக்க.

ஏப்ரல் 2, செவ்வாய்

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாலிஸ் என் தோளில் தூங்குகிறாள். இடது கையை அவள் வயிற்றில் வைத்திருக்கிறேன், உள்ளே இருப்பது இப்போது உதைத்தது. அவள் விழிக்கவில்லை. நானும் எழுப்பவில்லை. தொழிற்சாலை வர இன்னும் நேரம் இருக்கிறது.