பத்துக்கு மூன்று என்றாயே

கூடலூர் பேருந்து நிலையத்தில் வண்டி நின்றதும், நேந்திரங்காய் தேங்காயெண்ணெயில் பொரிகிற வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. குமுளியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் இறங்கிப் போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்து எனக்கும் நீட்டினாள். வேண்டாம் என்று கையால் மட்டும் சொன்னேன். வாயைத் திறந்திருந்தால் உன்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பேன். முன்பின் தெரியாதவளிடம்கூட உன் புகழையே பாடுவதா என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அந்த மழைநாள் உனக்கு நினைவிருக்கும். இதே மலைப்பாதையில் நாம் வந்த ஜீப் பஞ்சராகி நின்றது. மாற்று டயரும் இல்லை. ஏலத்தோட்டத்தில் வேலை முடித்து வந்த பெண்களும் நம்மோடு இருந்தார்கள். பட்டுச்சேலை நனைகிறதே என்ற கவலையில் நான் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நீ இறங்கி அவர்களோடு ஒரு மரத்தடியில் ஒதுங்கினாய். வீட்டுக்கென்று வாங்கிய சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தாய். உனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் என்னவோ கேட்டாய். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டயர் வந்து சேர்வதற்குள் யார் பிள்ளை என்ன படிக்கிறது, யார் மாமியாருக்கு என்ன நோவு என்று எல்லாம் உனக்குத் தெரிந்துவிட்டது. கூடலூரில் இறங்கும்போது ஒவ்வொருத்தியும் உன் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். நான் உன்னை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள் நாம். நான் மூத்தவருக்கு, நீ என் கொழுந்தனுக்கு. சின்னமனூரில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் உரக்கடை வருமானம், மாடி, கார். அந்தப் பக்கம் இரண்டு அறை, குத்தகைக்கு எடுத்த வாழைத்தோட்டம், காற்றடித்தால் சாய்ந்துவிடும் பிழைப்பு. ஊரில் யாரைக் கேட்டாலும் நான்தான் கொடுத்துவைத்தவள் என்பார்கள். ஆனால் கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் என் வீட்டுக்காரர் தம்பியைப் பார்க்கிற சாக்கில் உன் வீட்டுக்குத்தான் போவார். கொஞ்ச நேரத்தில் சுவரைத் தாண்டி அவர் சிரிப்பது கேட்கும். என்னோடு இருக்கும்போது அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. திரும்பி வந்தவரிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்பேன்.

"சும்மாதான்," என்பார்.

அந்தச் சும்மா என்னை எரித்த எரிப்பு உனக்குத் தெரியாது. பெரிய விஷயம் எதையாவது பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என் மகள் தாரணியும் அப்படித்தான். மதுரைக் கல்லூரியில் உளவியல் படிக்க இடம் கிடைத்த சேதியை உன்னிடம் சொன்ன பிறகுதான் வீட்டுக்குள் வந்து என்னிடம் சொன்னாள். "சித்தி வாசல்ல நின்னாகம்மா, அதான்," என்றாள். நானும்தான் எத்தனையோ நாள் வாசலில் நின்றிருக்கிறேன்.

பிறகு அவள் கடைசி ஆண்டு படிக்கையில், மனிதர்களை எது சந்தோஷமாக வைத்திருக்கிறது என்று விசாரிக்கும் வேலையைக் கல்லூரியில் கொடுத்தார்கள். விடுமுறைக்கு வந்தவள் தெருவில் ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டாள். நம் இருவரையும் உன் அடுப்படியில் உட்கார்த்திவைத்துக் கேட்டது ஒரு மத்தியான நேரம். நீ சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். மொத்தத்தில் உங்கள் வாழ்க்கை எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது, பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்றாள். நான் எட்டு என்றேன். அடுத்து நீ பத்து என்று சொல்லப்போகிறாய், ரொம்பவும் கீழே இருந்துவிடக் கூடாது என்றுதான் அந்த எட்டு.

நீ வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "மூணு போட்டுக்கத்தா," என்றாய்.

"வெளையாடாதீக சித்தி."

"வெளையாடலத்தா. விடியும்போதே எனக்கு மனசு கனமாத்தான் இருக்கும். சின்னப் புள்ளையில இருந்தே அப்படித்தான். காரணம்னு ஒண்ணும் கெடையாது. காரணம் இருந்தா அதச் சரி பண்ணிப்புடலாம்ல."

தாரணி எழுதுவதை நிறுத்திவிட்டாள். அப்படியென்றால் எப்போதும் சிரித்த முகமாக இருக்கிறீர்களே, அது எப்படி என்று கேட்டாள்.

"வெளிய வந்து நாலு பேரோட பேசுனா கொஞ்சம் எறங்கும். அவுக பாட்டக் கேக்கையில நம்ம பாடு மறந்துபோகும். மறுநா காலையில திரும்ப ஏறிக்கிரும். திரும்பப் போய்ப் பேசுவேன். வேறென்ன செய்ய?"

அன்று வீட்டுக்கு வந்ததும் முதலில் எனக்கு மனசு குளிர்ந்தது. இத்தனை வருஷமாக நான் எதைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேனோ அது உன்னிடம் இல்லவே இல்லை என்று நினைத்தேன். அந்தக் குளிர்ச்சி சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை. உனக்குப் பிறவியிலேயே அமைந்தது என்று நினைத்திருந்தவரை என் பொறாமைக்கு ஒரு நியாயம் இருந்தது. கிடைக்காதவள் கிடைத்தவளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில் என்ன தப்பு? ஆனால் நீ வெறுங்கையோடு எழுந்து, தினமும் அதைத் தெருவில் போய்ச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறாய். அதே தெருதான் என் வாசலுக்கு முன்னாலும் ஓடுகிறது. இதை எப்படி நான் பொறுத்துக்கொள்வது?

மறுநாள் காலையில் மாடியிலிருந்து உன்னைப் பார்த்தேன். வாசல் தெளித்துவிட்டு வாளியோடு நின்றிருந்தாய். அப்படி ஒரு முகத்தை உன்னிடம் அதுவரை பார்த்ததில்லை. உயிர் போன முகம். பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். அவருடைய சினைமாட்டைப் பற்றி நீ ஏதோ கேட்டாய். அவர் சொல்லச் சொல்ல உன் கன்னம் அசைந்தது, புருவம் ஏறியது, கடைசியில் நீயே நீயாகிவிட்டாய். அன்று நான் கண்ணால் கண்டேன்.

நானும் செய்து பார்த்தேன். பூக்காரம்மா வந்தபோது, கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் பூவின் அளவைத் தவிர நான் எதையும் பேசியதில்லை. அவள் மிரண்டுபோய், "பூ கொறச்சலா இருக்காம்மா?" என்று இன்னும் ஒரு முழம் அளந்து வைத்தாள். நான் பூவோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அது உன் காதுக்கு வராமல் இருக்குமா? அன்று சாயங்காலமே சுவரோரம் வந்து நின்று சிரித்தாய்.

"கேட்டுட்டு அவ சொல்ற வரைக்கும் நிக்கணும்க்கா. நீங்க கேட்டுட்டுக் கதவச் சாத்திட்டீகளாம்ல."

உன் சிரிப்பில் கேலி இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

போன ஐப்பசியில் நீ போனாய். வாழைத்தோட்டத்திலிருந்து நடந்து வந்தவள் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாய்; தேனிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அடித்து ஊற்றும் மழையில் கேதம் கேட்க வந்த அவ்வளவு கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மலைமேலிருந்து ஜீப் பிடித்து வந்திருந்தார்கள். கெங்குவார்பட்டியிலிருந்து ஒரு கிழவர் வந்திருந்தார். அவர் யாரென்று உன் வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. மூத்தவள் என்ற முறையில் உன் தலைமாட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். வந்த ஒவ்வொருத்தியும் என் கையைப் பிடித்து, தன்னோடு பழகிய மாதிரி நீ வேறு யாரோடும் பழகியதில்லை என்று சொல்லி அழுதாள். எத்தனை பேரிடம் அப்படிப் பழகியிருக்கிறாய் நீ. அந்த வார்த்தையை நானும் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. சொல்ல முடியவில்லை. தாரணி மதுரையிலிருந்து வந்து இறங்கினாள். நான் எழுந்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய்ப் பூக்காரம்மாவின் தோளில் விழுந்து அழுதாள். உன் உடலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உன்மேல் பொறாமைப்பட்டேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கொழுந்தனை எங்களோடு சாப்பிட வரச் சொன்னேன். அண்ணனும் தம்பியும் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். ஒருநாள் அந்த மௌனம் தாங்காமல், அவள் கம்பத்தில் மண்டபம் மாறிப் போனாளாமே, அது என்ன கதை என்று கேட்டேன். கொழுந்தன் மெதுவாக ஆரம்பித்தார். தப்பான மண்டபம் என்று தெரியாமல் நீ பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதையும், முகம் தெரியாத மணமக்களை வாழ்த்தியதையும், அழுதுகொண்டிருந்த பெண்ணின் தாயைத் தேற்றிவிட்டு வந்ததையும், அந்தம்மா பொங்கலுக்குப் பொங்கல் உனக்குப் போன் செய்ததையும் சொன்னார். என் வீட்டுக்காரர் சோற்றில் கையை வைத்தபடியே சிரித்தார். அந்தச் சிரிப்பு என் வீட்டுக்குள் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் உன்னால்தான் வந்தது. ஆனால் கேட்டது நான். கேட்டுவிட்டு எழுந்து போகாமல் இருந்ததும் நான்.

பொங்கலுக்கு வந்த தாரணி துணி மடித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து உட்கார்ந்தாள். வீடோ காரோ எது வந்தாலும் கொஞ்ச நாளில் மனசுக்குப் பழகிவிடும், அடுத்த வீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும் பழகுவதே இல்லை என்று தன் படிப்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தவள், நடுவில் நிறுத்தினாள்.

"அன்னைக்கு எட்டுன்னியே, நெசமாம்மா?"

"இல்ல."

"அப்ப எத்தன?"

நான் யோசித்தேன். அவள் எழுந்து போகவில்லை. "ஒஞ் சித்தி இருக்கும்போது அஞ்சு இருக்கும்த்தா," என்றேன். "தெனமும் வயிறெரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் அஞ்சு இருந்துச்சு. இப்ப அவ்வளவு இல்ல."

அவள் என் மடியில் தலைவைத்துப் படுத்தாள். பெரிய பெண்ணான பிறகு அவள் அப்படிப் படுத்ததே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, உன்னைப் பார்த்துத் தனக்கும் பொறாமையாக இருந்தது என்றாள். சித்தியிடம் சொல்கிற மாதிரி அம்மா தன்னிடம் ஒருநாளாவது எதையாவது சொல்ல மாட்டாளா என்று ஏங்கியிருக்கிறாள். நான் உன்னிடம் அப்படி என்ன சொன்னேன்? யோசித்துப் பார்த்தால், தினமும் சுவரோரம் நின்று சொன்னதெல்லாம் குறைதான். வேலைக்காரி வரவில்லை, முழங்கால் வலிக்கிறது, இவர் பேசவே மாட்டேன் என்கிறார். நீ ஒருநாள்கூடப் பாதியில் உள்ளே போனதில்லை. எனக்கும் உன்னைத் தவிர வேறு ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

உன்னை நினைத்தால் மற்றவர்களுக்கு அழுகை வருகிறது. எனக்கு இன்னமும் வயிற்றெரிச்சல்தான் முதலில் வருகிறது. அழுகை அதன் பின்னாலேயே வருகிறது. இது போய்விட வேண்டும் என்று நான் சாமி கும்பிடவில்லை. இது போய்விட்டால் உன்னோடு எனக்கென்று தனியாக எதுவும் மிஞ்சாது. கேதத்துக்கு வந்த அத்தனை பேரில் ஒருத்தியாகிவிடுவேன். அதற்கு எனக்கு மனசில்லை.