சுவரில் விழுந்த வெளிச்சம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? விடுதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போனை அலமாரியில் சாய்த்துவைத்து எனக்காகப் பேசி அனுப்பினீர்களே, அந்த வீடியோவைக் கணினி வகுப்பில் சரிசெய்து பழகினேன். நடுவில் உங்கள் முகம் சட்டென்று இருண்டு, சேலையின் நிறமும் மாறியிருந்தது. பின்சுவரில் வெளிச்சம் கூடினால் கேமரா தானாகவே எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடுமாம். பொறுமையாக உட்கார்ந்து ஒரே சீராக்கினேன். “அடேங்கப்பா, ஒட்டுப்போட்ட தடமே தெரியலையே!” என்றார் டீச்சர்.

அப்புறம்தான் யோசித்தேன். யாரோ வாசல் கதவைத் திறந்ததால்தானே வெளிச்சம் கூடியது? அந்த இடத்தில் நீங்கள், “ஏன் அங்கயே நிக்கிற? உள்ள வாயேன்டி” என்கிறீர்கள். முதலில் கேட்டபோது பூனையைக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். நான் கிளம்பிய அன்று முகம் கொடுத்துப் பேசாத அக்காதானே அம்மா அது? அவள் வந்து நின்ற அடையாளத்தை நானே துடைத்துவிட்டேன்.

நான் கைவைக்காத அந்தப் பழைய வீடியோ உங்கள் போனில் இருந்தால் திரும்ப அனுப்புங்கள். இங்கே குளிர்கிறது, அக்காவின் பழைய ஸ்வெட்டர் போதும், புதிது வேண்டாம். அடுத்த வீடியோவிலும் அவளைக் கதவருகே நிற்கச் சொல்லுங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் முகம் இருண்டால் இருளட்டும், நான் எதையும் சரிசெய்ய மாட்டேன்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் சின்னவள்