தலைமாட்டில் நின்ற பிள்ளை

அக்கா,

உன் போன் இன்றைக்கும் காலையில் அலறியது. சீனி வருத்தத்துக்கு விழுங்குகிற குளிசையை மறக்காமல் இருக்க நீ வைத்த மணி. குளிசை போட ஆள் இல்லை, மணி மட்டும் ஓயவில்லை. நானும் தவறாமல் அதற்குச் சார்ஜ் போட்டு வருகிறேன். "அத நிப்பாட்டிப் போடுங்களன் சித்தி, நெஞ்சு திடுக்கிடுது" என்கிறாள் உன் மகள். திடுக்கிடட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன். அது அடிக்கும்போதெல்லாம் நீ நினைவுக்கு வருகிறாய். உன்னோடு சேர்ந்து அவனும் வருகிறான். என் கோபம் ஆறிவிடக் கூடாது அக்கா, அதுதான் எனக்குப் பயம்.

அவன் நம் பெரியம்மாவின் மகன். நம் குடிக்கு வண்ணக்கர், கோயிலில் குடியின் பேரால் முன்னுக்கு நிற்கிறவன். நேரில் கண்டால் அண்ணன் என்றுதான் இன்னும் கூப்பிடுகிறேன். இந்தக் கடிதத்தில் அந்த மரியாதை அவனுக்குக் கிடையாது.

கொடியேற்றத்துக்கு முந்திய அந்தக் கூட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். அவனுக்குப் பிறகு ஆர் வண்ணக்கர் என்று பேச்சு வந்தது. நம் பக்கத்தில் அது மகனுக்குப் போகாது. தாய்வழியில்தான் போகும், சகோதரிமாரின் மகனுக்கு. அவனுடைய தங்கைக்கு ஒரு மகன், உனக்கு ஒரு மகன். வயதில் உன் மகன்தான் மூத்தவன் என்பதால் எல்லாரும் அவன் பேரைச் சொன்னார்கள். அப்போதுதான் வண்ணக்கர் எழும்பி மைக்கைப் பிடித்தான், நம் அம்மாவைப் பற்றிப் பேச.

"சித்தி எங்கட வயித்துவார் இல்ல, எங்கட தாய்வழி இல்ல. மாங்கேணியில இருந்து எடுத்து வந்து வளத்த புள்ள. தாய் ஆரெண்டு தெரியாதவங்கட புள்ளையளுக்கு இந்தக் குடியில என்ன பங்கு?"

ஒலிபெருக்கி வாவிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். வாவியில் வலை வீசிக்கொண்டு நின்றவர்கள் கூடக் கேட்டிருப்பார்கள். நீ கையில் வெற்றிலை வட்டாவோடு நின்றாய். அழவில்லை. "அம்மா செத்து ஒரு வருசமும் ஆகல்ல அண்ணன்" என்று மட்டும் சொன்னாய். அவன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்த ஆறாவது விரல். "ஆறுமுகன் சாட்சி, நான் பொய் சொல்ல மாட்டன்" என்றான். முருகன் தனக்கென்று போட்ட முத்திரை அது என்று சொல்லித் திரிந்தவன் அவன். சாமிக்குப் படைத்த வெற்றிலையும் பழமுமாகக் காளாஞ்சி கொடுக்கும்போது எல்லாரும் காணட்டும் என்று அந்த விரலைத்தான் முன்னுக்கு நீட்டுவான். அந்த வருசம் உன் பேரைக் கூப்பிடாமலே தட்டை மூடினான்.

பெரியம்மாவுக்கும் அதே கையில் அதே விரல் இருந்தது. சின்னதில் ஒரு நாள் நாம் அதைப் பார்த்துச் சிரித்ததற்கு அம்மா அகப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தது ஞாபகமா? "அக்காட கையப் பாத்துச் சிரிச்சா வாய்க்குள்ள கொள்ளி வைப்பன்." குரலை உயர்த்தாத அம்மாவுக்கு அன்றைக்கு மட்டும் என்ன வந்தது என்று நமக்கு விளங்கவில்லை.

கூட்டம் முடிந்த அடுத்த கிழமையே நீ வாழைச்சேனைக்கு என் கடைக்கு வந்தாய். போட்டோகொப்பி எடுப்பதும், செத்தவர்களின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடுவதும், முப்பத்தோராம் நாளுக்கு அவர்களின் படமும் வரலாறுமாகக் கல்வெட்டுப் புத்தகம் அடித்துக் கொடுப்பதும்தான் என் பிழைப்பு. "உன்னட்ட வாற படமெல்லாம் வடிவாப் பாருகா தங்கச்சி. எங்கட அம்மா சின்னப் புள்ளையா ஆரோட நிக்கிறாவெண்டு கண்டாச் சொல்லு" என்றாய். சொல்லிவிட்டு நீ சும்மா இருக்கவில்லை. கிரானில், படுவான்கரையில், நம் ஆட்கள் இருக்கிற வீடெல்லாம் ஏறி இறங்கினாய். பெட்டிகளைத் திறக்கச் சொன்னாய். வெள்ளத்தில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போன படங்கள், கறையான் தின்ற படங்கள். இடம்பெயர்ந்து ஓடியபோது நகையைத் தூக்கியவர்கள் இருந்தார்கள், படத்தைத் தூக்கியவர்கள் குறைவு. பிறப்புப் பதிவைத் தேடிக் கச்சேரிக்கும் போனோம். அங்கே பெரியம்மாவும் அம்மாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக, ஒரே நாளில் பிந்திப் பதியப்பட்டிருந்தார்கள். கடதாசி எவர் பக்கமும் பேசவில்லை.

கடைசியாக மாங்கேணிக்குப் போனாய். அன்றைக்கு எனக்குக் கடையில் வேலை, நீ தனியே போனாய். திரும்பி வந்து சட்டி கழுவத் தொடங்கினாய். நான் விடாமல் கேட்டேன்.

"விடு கா. அம்மா ஆரா இருந்தா என்ன? நம்மளப் பெத்தவதானே."

அதோடு தேடலை விட்டாய். படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் என் கையைப் பிடித்துச் சொன்னாய். "எண்ட செத்தவீட்டுக்குக் குடி மரியாத கேக்காதங்க. கேட்டு அவன் இல்லையெண்டா எனக்கு வெக்கம்." நாங்கள் கேட்கவில்லை. வண்ணக்கர் வந்து போர்த்த வேண்டிய துணி இல்லாமல், குடி முறைப்படி அடிக்க வேண்டிய பறை இல்லாமல், ஆரோ அந்நியப் பொம்பிளை மாதிரி உன் பெட்டி படலையைத் தாண்டியது. அவன் வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து சோடா குடித்துவிட்டுப் போனான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் கல்வெட்டுக்குப் படம் தேடித்தான் போனைத் திறந்தேன். உள்ளே, நீ மாங்கேணிக்குப் போன நாளின் தேதியோடு ஒரு படம் இருந்தது. சுவரில் தொங்கிய ஒரு படத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு நீ எடுத்தது. ஃப்ளாஷ் வெளிச்சம் அடித்துப் பாதி வெள்ளையாகிக் கிடந்தது. செத்தவீட்டில் எடுத்த பழைய படம். நடுவில் பெட்டி, அதற்குள் ஒரு இளம் பொம்பிளை, சுற்றிவர ஆட்கள். தலைமாட்டில் ஒரு சின்னப் பெண்பிள்ளை, முகம் மங்கலாக, கை இருந்த பக்கம் அந்த வெள்ளைக்குள். செத்தவீட்டுப் படத்தில் தலைமாட்டில் ஆர் நிற்பார்கள் என்று இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். பெற்ற பிள்ளைதான் நிற்கும். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பிள்ளை அம்மா என்று நீ நம்பிவிட்டாய். அவன் சொன்னது உண்மை என்று நம்பிக்கொண்டே செத்துப் போனாய்.

உண்மையைத் தேடி ஒன்றும் நான் மாங்கேணிக்குப் போகவில்லை. அந்தப் படத்தைக் கண்ணால் கண்டு நாலு வார்த்தை திட்டிவிட்டு வருவோம் என்றுதான் பஸ் ஏறினேன். உன் போனைக் காட்டி வழி கேட்டுப் போனேன், படம் வைத்திருந்த செல்லத்தம்பி என்கிற ஐயா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் ஆரென்று சொன்னதும், "முன்ன வந்த அக்கா எங்க மகள்?" என்றார்.

"அவ செத்துப் போனா ஐயா."

வலை ஊசியைக் கீழே வைத்தார். "அவக்குக் கண் தெரியல்ல என்ன? படத்தத் தடவித் தடவிப் பாத்தா. நான் சொல்லச் சொல்ல அழுதா, மறுகா ஒண்டும் கேக்காமப் போயிற்றா."

சீனி வருத்தம் உன் கண்ணையும் தின்றிருந்ததை எங்கள் ஒருவருக்கும் நீ சொல்லவில்லை.

பெட்டிக்குள் கிடந்தது தன் அப்பாவின் தங்கை என்றார் அவர். புருசன் கடலுக்குப் போய் வரவில்லை, பின்னால் அவளும் காய்ச்சலில் போனாளாம். "தலைமாட்டில நிக்கிற புள்ளையப் படுவான்கரை ஆக்கள் கொண்டுபோய் வளத்தவங்க. மறுகா போக்குவரத்து இல்ல." படத்தைச் சுவரில் இருந்து கழற்றி என் கையில் தந்தார். நான் அதை வெயிலுக்குக் கொண்டு வந்தேன்.

படம் பெரிதாக்குகிறவளுக்கு முகத்துக்கு முதல் கைதான் கண்ணில் படும். கை சரியாக விழாவிட்டால் ஆட்கள் குறை சொல்வார்கள். அந்தப் பிள்ளை வலது கையால் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. விரல்களை எண்ணினேன். எண்ணிவிட்டுத் துடைத்துத் திரும்பவும் எண்ணினேன். ஆறு.

"இந்த விரல், ஐயா?"

"அது எங்கட ஆக்களுக்கு வாறது மகள். எங்கட அப்பாக்கும் இருந்த."

அக்கா, அது அம்மா இல்லை. அது பெரியம்மா. எடுத்து வளர்த்த பிள்ளை அவனைப் பெற்றவள். குடியில் பங்கில்லை என்று ஆருக்காவது சொல்வதானால் முதலில் அவனுக்குத்தான் சொல்ல வேண்டும். இரண்டு பெண்பிள்ளைகளில் ஒன்று வெளியே இருந்து வந்தது என்று எங்கேயோ பாதிக் கதை கேட்டிருக்கிறான். அது தன் தாயாக இருக்கலாம் என்று ஒரு கணமும் அவனுக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அகப்பையைத் தூக்கியிருக்கிறாள். தன் அக்காவின் கையை ஆரும் பார்க்கக் கூடாது என்று சாகும்வரை மூடி வைத்தவளைத்தான் அவன் மைக்கில் கூப்பிட்டு அநாதையாக்கினான்.

ரோட்டில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். பஸ்ஸுக்குள் வாழைச்சேனை வரைக்கும் அழுதேன்.

பிறகு என் தொழிலைச் செய்தேன். அன்றைக்கு வெயிலில் வைத்து உன் போனாலேயே திரும்ப எடுத்து வந்த அந்தப் படத்தை நன்றாகப் பெரிதாக்கினேன். கறுப்புச் சட்டம் போட்டேன். செத்தவர்களுக்குப் போடுகிற மாலையும் போட்டேன். இவ்வளவு கவனமாக நான் எந்தப் படத்துக்கும் வேலை செய்ததில்லை. கொடியேற்றத்துக்கு முன் அவன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவன் விறாந்தையில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தான்.

"என்னகா, ஆரிட படம்?"

"உங்கட அம்மம்மா, அண்ணன். அவவிட படம் ஒண்டும் வீட்டுல இல்லையே. மாட்டி வைங்க."

சிரித்தான். "உனக்கென்ன விசரா? எங்கட அம்மம்மாவ எனக்குத் தெரியாதா?"

"தலைமாட்டில நிக்கிற புள்ளையிட கையப் பாருங்க."

பார்த்தான். பாக்குவெட்டி நின்றது. அவனுடைய பெண்சாதி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது கூட அவனுக்குத் தெரியவில்லை. மெதுவாக வலது கையை இழுத்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டான். அதைப் பார்க்கத்தான் நான் வந்தேன் அக்கா. வெட்கமில்லாமல் சொல்கிறேன், இனித்தது.

"என்ன வேணும் உனக்கு?"

"அதே இடம், அதே மைக், அதே வாய்."

சொன்னான். ஊர் கேட்கச் சொன்னான். சித்தி இந்தக் குடிதான், அவவிட பிள்ளைகளும் இந்தக் குடிதான், தான் சொன்னது பிழை என்று. தனக்குப் பிறகு உன் மகன்தான் என்றும் சொன்னான். உன் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் காளாஞ்சி கொடுத்தான். கொடுத்த கையில் அந்த விரலைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. "கையில என்ன வண்ணக்கர்?" என்று ஆரோ கேட்டார்கள். "கதவுக்குள்ள நசிஞ்சிற்று" என்றான். அது போன திருவிழா. போன கிழமை சந்தையில் கண்டேன், துணி இன்னும் இருக்கிறது.

நடுவில் ஒரு நாள் கடைக்கும் வந்தான். ஆட்கள் போகும்வரை ஓரமாக நின்றான்.

"அந்தப் படத்த அழிச்சிடு கா. எங்கட அம்மாக்காக."

பெரியம்மாவின் அந்த ஆறு விரல் கைதான் நமக்குப் பேன் பார்த்துத் தலை பின்னிவிட்டது. "பெரியம்மாக்காகத்தான் நான் வாயத் திறக்கல்ல. உங்களுக்காக இல்ல" என்றேன். "படம் அக்காட போன்ல கிடக்கு. அழிக்கிறதெண்டா அக்காட்டக் கேளுங்க."

உன் ஆண்டுத் திவசத்தைக் குடி மரியாதையோடு செய்வோம் என்றும் கேட்டுப் பார்த்தான். வேண்டாம் என்றேன். பெட்டிக்குப் போர்த்தாத துணியைப் படத்துக்குப் போர்த்த நான் விட மாட்டேன். "போதும் சித்தி, அவர் குறுகிப் போயிட்டார்" என்கிறாள் உன் மகள். அவள் நல்ல பிள்ளை, உன்னைப் போல. எனக்குப் போதாது. அம்மாவின் பேரை மீட்டேன், உன் மகனின் இடத்தை மீட்டேன். மாங்கேணியில் அந்தப் படத்தைத் தடவித் தடவிப் பார்த்து அவன் பொய்யை நீ நம்பிய அந்தப் பொழுதை மட்டும் என்னால் மீட்க முடியவில்லை. அதற்கு அவன் எதைத் தந்தாலும் ஈடாகாது.

இந்த முறையும் திருவிழா வருகிறது. நான் முன்வரிசையில் நிற்பேன். இரண்டு கையையும் நீட்டிக் காளாஞ்சி வாங்குவேன், முகத்தைப் பார்க்காமல் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு. நம் குடிப் பூசை காலையில்தான். உன் குளிசை நேரத்தில்தான் அவன் தட்டோடு வருவான். உன் போன் என் பைக்குள் இருக்கும். மணியை நான் நிறுத்தப் போவதில்லை.