பிரஷ் நுனித் தண்ணீர்

ஏட்டி,

இன்று காலை வாஷிங் மெஷினிலிருந்து போர்வையை எடுத்தபோது அடியில் சிவப்பாக மண் படிந்திருந்தது. தேரி மணல்மேட்டின் மண். நீ போன பிறகு அந்தப் போர்வையை எத்தனையோ தடவை துவைத்தாகிவிட்டது. இன்னும் எந்தத் தையலுக்குள் ஒளிந்திருந்து வருகிறதோ. விரலால் வழித்தெடுத்துக் குழாயடியில் கழுவிவிட்டேன். கழுவிய பிறகு, வைத்திருக்கலாமே என்று தோன்றியது. வைத்திருந்து என்ன செய்யப் போகிறேன் என்றும் தோன்றியது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஈரப் போர்வை மடியில் கிடந்தது.

டவுணில் இந்த மாடி வீட்டுக்கு வந்த பிறகு நான் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. நம் வேன் தெருமுனையில் நிற்கிறது. எப்போதாவது ஒரு நாள் எடுப்பதற்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு, விற்றுவிடுங்கள் என்று கீழ்வீட்டு அண்ணாச்சி பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். நல்ல மனுஷர், நல்லதைத்தான் சொல்கிறார். சரி அண்ணாச்சி என்று தலையாட்டிவிட்டு மாடியேறி வந்துவிடுகிறேன். பேச்செல்லாம் உன்னிடம்தான். நீ பதில் சொல்லப் போவதில்லை என்று தெரியும். இருந்தபோது மட்டும் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லியிருக்கிறாயா என்ன?

நம் இரண்டு வீட்டாரும் ஒருமனதாக ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான். நம் இருவருக்கும் கோட்டி பிடித்துப் புத்தி பேதலித்துவிட்டது என்பது. பாளையங்கோட்டையில் கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவர்கள், தலை நரைத்த பிறகு மறுபடியும் ஒரே அறைக்கு வந்தோம், அந்த அறைக்குச் சக்கரம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நீ பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றிருந்தாய், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நான் ஆபீஸ் வேலையை விட்டிருந்தேன், அவர் போய்ச் சேர்ந்திருந்தார், மகள் புனேயில் அவள் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கினோம். சீட்டைக் கழற்றிவிட்டு இரண்டு பலகைக் கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் போட்டோம். மஞ்சள் பெயிண்டை மாற்றலாம் என்றேன். நீ விடவில்லை. பிள்ளைகள் இருக்கிற வண்டி என்று நினைத்து ஒருத்தனும் இடிக்க மாட்டான் என்றாய். அதன் பலனாக, போகிற ஊரிலெல்லாம் காலையில் யாராவது ஒரு தாய் பையும் கையுமாகப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து வண்டியை மறித்தாள்.

பாலைவனம்தான் வரைவேன் என்று நீ பிடிவாதமாக இருந்தாய். எனக்கு அது புரிந்ததே இல்லை. நீ விக்கிரமசிங்கபுரத்து மில் லைனில் பிறந்தவள். ஜன்னலைத் திறந்தால் மலை, இறங்கி நடந்தால் ஆறு. ஊரெல்லாம் அதைப் பார்க்கத்தான் பஸ் பிடித்து வருகிறது. கேட்டதற்கு நீ சொன்னாய்: “பச்சையப் பாத்துப் பாத்து அலுத்துட்டு ட்டி. ஒண்ணுமே இல்லாத எடம் எப்படி இருக்குன்னு பாக்கணும்.”

ஒரு குளிர்காலம் முழுக்க ராஜஸ்தானில் இருந்தோம். மணல்மேட்டுக்கு எதிரே வேனை நிறுத்தி, பின்கதவைத் தூக்கிவிட்டு, அதன் நிழலில் நீ பலகையை மடியில் வைத்து வரைவாய். பக்கத்தில் நானும் கிறுக்குவேன். உன்னிடம் கற்றுக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன், நீ எதுவும் சொல்லித்தரவில்லை, என் படத்தை எட்டிப் பார்த்துச் சிரிக்க மட்டும் செய்தாய். அடுத்த வருஷம் கட்ச் பக்கம் உப்பு வெளிக்குப் போவதாகப் பேச்சு. ஊருக்குத் திரும்பி வரும் வழியிலேயே உன் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. ஊர் வந்து பரிசோதனை செய்தபோது இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். சர்க்கரையால் என்றார் டாக்டர். ஒன்றுவிட்டு ஒரு நாள் டயாலிசிஸ். ஊரைவிட்டுப் போகவே கூடாது.

நீ அழவில்லை. கையில் ஊசி குத்துவதற்கு வழி செய்ய ஆபரேஷன் என்றதும், இடது கையில் வையுங்கள், வலது கை வேலைக்கு வேண்டும் என்றாய். பிறகு என்னைப் பார்த்து, ஒரே நாளில் போய்த் திரும்புகிற பாலைவனம் எங்கே இருக்கிறது என்று கேட்டாய். ஸ்ரீவைகுண்டம், நாசரேத் தாண்டிப் போனால் தேரி இருக்கிறதே என்றேன். பிறந்ததிலிருந்து திருச்செந்தூருக்குப் போகும் வழியில் பஸ் ஜன்னலில் பார்த்த சிவப்பு மண்மேடு. அதைத் தேடி நாம் ராஜஸ்தான் வரை போயிருந்தோம்.

அதன் பிறகு நம் வாழ்க்கை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கும் தேரிக்கும் நடுவில் ஓடியது. ஒரு நாள் நீ மெஷினோடு படுத்திருப்பாய், நான் கீழே வேனில் இருப்பேன். மறுநாள் விடியும்போது கிளம்பி, முந்திரித் தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தி, மணலில் கால் புதையப் புதைய ஏறுவோம். தோப்பைக் காவல் காத்த அண்ணாச்சி முதல் வாரம் முழுக்க நம்மைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுப் பிறகு கேட்டாரே, நினைவிருக்கிறதா? “மண்ண எதுக்கும்மா வரையுதிய? அள்ளிட்டுப் போங்க, எவ்வளவு கெடக்கு.”

அந்த மண்ணை வரைவது லேசாக இல்லை. கழுத்துவரை புதைந்த பனைகளும், வெயில் ஏற ஏறக் காவியிலிருந்து ரத்தச் சிவப்புக்குப் போகும் மேடும் இருந்தன. வாட்டர் கலர் தாளில் வைத்த உடனே காய்ந்து விளிம்பு கட்டியது. வண்ணத்தைப் பரப்பத் தண்ணீர் வேண்டும், நிறைய வேண்டும். நான் ஆற்றிலிருந்து கேனில் பிடித்துக்கொண்டு வருவேன். அதெல்லாம் தாளுக்கு. உனக்குக் குடிக்க ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர்தான், ஒரு நாள் முழுக்க. அதற்கு மேல் குடித்தால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். வற்றாத ஆற்றின் கரையில் பிறந்துவிட்டு நாக்கை நனைக்கவே யோசித்துக்கொண்டிருந்தாய். பக்கத்தில் கேன் நிறையத் தண்ணீர், மேலே தேரி வெயில். இதைவிடக் கொடுமையான இடத்தைத் தேடிப் பிடித்திருக்க முடியாது என்று ஒருநாள் நான் கத்தினேன். நீ உதட்டை மட்டும் மடித்துக்கொண்டாய்.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பார்கள். ஏறியிருக்கும். எங்கே குடித்தாய் என்று சிஸ்டர் சண்டைக்கு வருவாள். குடிக்கவில்லை என்று நீ சாதிப்பாய். நானும் உன் பக்கம் சாட்சி சொன்னேன், டம்ளரை நான்தானே நிரப்புகிறேன். பிறகு ஒருநாள் தேரியில் உன்னைக் கவனித்தேன். பிரஷ் நுனியைக் கூர்மையாக்க உதட்டில் வைத்து இழுப்பது உன் பழக்கம், கல்லூரிக் காலத்திலிருந்தே அப்படித்தான். ஆனால் அன்று நீ வண்ணம் தொடுவதைவிட நுனி சேர்ப்பது அதிகமாக இருந்தது. சின்ன பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, வானத்துக்கு வைத்திருந்த பெரிய பட்டை பிரஷ்ஷை எடுத்திருந்தாய். நல்ல தண்ணீரில் முக்கி வாயில் வைத்தாய். மறுபடியும் முக்கினாய். தாள் வெறுமையாக இருந்தது.

என்னட்டி செய்கிறாய் என்றேன். “நுனி சேக்குதேன்” என்றாய். பட்டை பிரஷ்ஷுக்கு ஏது நுனி? நான் திட்டவில்லை. எழுந்து போய் அண்ணாச்சியின் முந்திரி மரத்தடியில் நின்று அழுதேன். திரும்பி வந்தபோது நீ வரையத் தொடங்கியிருந்தாய்.

ஆடிக் காற்று அடித்த நாளில்தான் அந்தப் பேச்சு வந்தது. அந்தக் காற்றில் தேரி நகரும் என்று கேள்விப்பட்டு, நகர்வதை வரைய வேண்டும் என்று அடம்பிடித்தாய். எழுந்து நடக்கவே உனக்குத் தெம்பில்லை. கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் உட்கார வைத்தேன். முந்தைய வாரம் வரைந்து பாதியில் விட்டிருந்த மேட்டைத் தேடினோம். அந்த மேடே அங்கே இல்லை. சரி, புதிதாகத் தொடங்கலாம் என்று ஈரச் சிவப்பைத் தாளில் பரப்பினாய். அடித்த காற்றில் மணல் வந்து அதன் மேல் அப்பிக்கொண்டது. தட்டினாய், போகவில்லை. நீ வரைந்த தேரியின் மேல் தேரியே வந்து உட்கார்ந்துவிட்டது. பிறகு பலகையைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாய்.

“இனி மெஷினுக்குப் போகல ட்டி. இங்கனயே இருந்துருவோம். இருக்க நாளெல்லாம் வரையுதேன், வேணும்ங்கிற மட்டும் தண்ணி குடிக்கேன். நீ கூட இருப்பியா?”

இருப்பேன் என்றேன். நிறுத்தினால் ஒரு வாரமோ இரண்டு வாரமோ என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தது இருவருக்கும் தெரியும். வலி வந்தால் என்ன செய்வது என்று அந்த டாக்டரிடமே கேட்டு மருந்து வாங்கி வருவதாகப் பேசிக்கொண்டோம். நீ வாழ்க்கையில் கேட்டது மொத்தமே அவ்வளவுதான். அது நடக்கவில்லை.

நடக்காமல் போனதற்கு நீயேதான் காரணம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. நாம் பாட்டுக்கு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. உனக்கோ, கூடப்பிறந்தவனிடம் சொல்லாமல் போகக் கூடாது. நாளைக்கு ஊரில் அவனுக்குத் தலைகுனிவு வரும், முறையாகச் சொல்லிவிட வேண்டும் என்று நீயே தம்பிக்குப் போன் போட்டாய். ஊரையே உதறிவிட்டு வேனில் கிளம்பியவள், சாகப் போகிற நேரத்தில் முறை பார்த்தாய்.

அன்று மத்தியானமே அம்பாசமுத்திரத்திலிருந்து காரில் வந்து இறங்கினான். முதலில் கோபமாகத்தான் பேசினான். தம்பி என்று ஒருத்தன் இருக்கும்போது அக்கா நடுரோட்டில் வண்டிக்குள் கிடக்கிறாள் என்று ஊர் பேசுகிறது என்றான். “நான் கெடக்கல லே, நல்லாத்தான் இருக்கேன்” என்று நீ சொன்னாய். அவ்வளவு தெளிவாக இருந்தாய். நான்கூட நம்பினேன். ஆனால் அவனுக்குக் கோபத்தைப் பிடித்துவைக்கத் தெரியவில்லை. ஆபீஸ் பேண்டோடு மணலில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழத் தொடங்கிவிட்டான். அம்மா போன பிறகு எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ அவனோடு போய்விடுவாய் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

காரில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அழுதுட்டான் ட்டி” என்றாய். அங்கே நான் யார் என்று ஒரு கணம் யோசித்தேன். ஆஸ்பத்திரியில் கையெழுத்து என்றால் அவனைத்தான் கேட்பார்கள். இத்தனை வருஷம் கூட இருந்தாலும் சிநேகிதி சொந்தமாகிவிட முடியாது.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். உன்னைத் தூக்கிக் குளிப்பாட்டினான். ஒன்றுவிட்டு ஒரு நாள் லீவு போட்டுப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனான். பெயிண்ட்டை நக்கி நக்கித்தான் அக்காவுக்கு இது வந்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதனால் பிரஷ் எல்லாவற்றையும் என்னிடமே கொடுத்தனுப்பிவிட்டான். அப்படியில்லை தம்பி, சர்க்கரையால் என்றுதானே டாக்டர் சொன்னார் என்றேன். “இருக்கட்டும்க்கா, எதுக்கு வம்பு” என்றான். பாசத்தோடு எப்படி மல்லுக்கட்டுவது?

பஸ் ஏறி அம்பாசமுத்திரத்தில் தம்பி வீட்டுக்கு உன்னைப் பார்க்க வருவேன். உன் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள், அக்காவுக்கு நல்ல காற்றும் காட்சியும் வேண்டும் என்று. வெளியே கண்ணுக்கு எட்டிய வரை நெல் வயல், அதற்குப் பின்னால் மலை. ஒரே பச்சை. நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாய். ஒருநாள் தாளும் பென்சிலும் மறைத்துக் கொண்டுவந்து உன் கையில் வைத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தாய். “செவப்பு எப்படி இருக்கும்னு மறந்துட்டு ட்டி” என்றாய். அதற்குப் பிறகு நான் எதுவும் கொண்டுவரவில்லை.

கடைசி நாளில் போன் வந்து நான் வந்து சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள். மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. பெரியவர்கள் யாரோ சொல்லி, ஆற்றிலிருந்து ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து வந்து வைத்திருந்தார்கள். வாயில் ஊற்றுகிற முறை. சித்தி ஊற்றினாள், சித்தப்பா ஊற்றினார், உன்னை ஒரு நாளும் எட்டிப் பார்க்காத உறவெல்லாம் வரிசையில் வந்து ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினார்கள். போதும் என்று அந்த வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. உன் தம்பி மனைவிதான் என்னைக் கவனித்து, “மதினி, நீங்களும் ஊத்துங்க” என்று கரண்டியைக் கையில் கொடுத்தாள். ஊற்றினேன். உள்ளே இறங்கவில்லை. கடைவாயில் வழிந்து கழுத்தை நனைத்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன்.

நீ நல்ல இடத்தில் இருப்பாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் ஆமாம் போடுகிறேன், நம்பிக்கையெல்லாம் இல்லை. நேரம் ஆற்றிவிடும் என்று மகள் போனில் சொல்கிறாள். இதுவரை எதையும் ஆற்றவில்லை. உன் படங்கள் வேனில் கட்டாகக் கிடக்கின்றன, கேட்டு ஒருவரும் வரவில்லை, இனி வருவார்கள் என்றும் தோன்றவில்லை.

போன வாரம் தேரிக்குப் போனேன். வரைந்து பார்த்தேன், சரியாக வரவில்லை, சிரிக்கவும் ஆளில்லை. அண்ணாச்சி தோப்பைவிட்டுப் போய்விட்டார் போல, கண்ணுக்கு எட்டிய வரை மனித நடமாட்டமே இல்லை. உச்சி வெயிலில் தாகம் எடுத்தது. நீ நோயில் விழுந்த நாளிலிருந்து உன் கண் முன்னால் நான் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை, உனக்கு அது தெரியுமோ தெரியாதோ. சத்தம் கேட்காமல் வேனுக்குப் பின்னால் போய்க் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு வருவேன். அன்றும் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து, வேனுக்குப் பின்னால் போய்த்தான் குடித்தேன்.