மார்க்கோஸ் பெடலை மிதிக்கவில்லை

இன்று காலை டெஸ்ட் பெட்டியைத் திறந்ததும் கிராம்பு வாசம் அடித்தது. ஆன்டெனாவும் கேபிள்களும் வைக்கிற அந்தக் கறுப்புப் பெட்டியின் மூலையில், ஸ்பாஞ்சுக்கு அடியில், பூச்சி வராது என்று நீ போட்டு வைத்த நாலைந்து கிராம்பு இன்னும் கிடக்கிறது. நீ போய் இரண்டு வருடமாகப் போகிறது. அவற்றின் காரம் போகவில்லை. கராஜில் தனியாக நின்று உன்னைத் திட்டிக்கொண்டே சிரித்தேன். உள்ளேயிருந்து என் கணவர், "யாரோட பேசிட்டு இருக்க?" என்றார். "பார்ட்னரோட" என்றேன்.

பார்ட்னர் என்ற அந்தச் சொல்லை முதலில் நாம் கேலிக்காகத்தான் சொல்லிக்கொண்டோம். டல்லாஸில் ஒரே கம்பெனியின் டெஸ்ட் லேபில் இருந்தோம், ஒரே வாரத்தில் இருவருக்கும் வேலை போயிற்று. மேலப்பாளையத்துக்காரி நீ, அம்பத்தூர்க்காரி நான், பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் இரண்டு தெரு தள்ளி வீடு. என் கராஜில் இருந்த சைக்கிள்களை வெளியே தள்ளிவிட்டு ஆபீஸ் போட்டோம். என்ன வேலை என்று ஊரிலிருந்து உன் அம்மா போனில் கேட்டபோது, "ஒரு மெஷினு போடுத சத்தத்துல இன்னொரு மெஷினுக்குப் புத்தி கெட்டுப் போகாம பாத்துக்கிடுதேம்மா" என்றாய். சத்தம் என்று நீ சொன்னது காதுக்குக் கேட்காத மின்காந்த இரைச்சலை. இத்தனை வருடத்தில் நம் தொழிலை இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

ஆனால் உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தத் தகடு வளைக்கும் தொழிற்சாலைதான்.

ரம்ஜான் மாதம், உனக்கு நோன்பு. டெக்சாஸ் வெயில் கார் கண்ணாடியைச் சுட்டுக்கொண்டிருந்தது. நமக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது. அந்தக் கம்பெனிக்கு இன்னும் இரண்டு பிளான்ட் உண்டு, சரியாக முடித்தால் அவையும் நமக்குத்தான். முந்தின வாரம் அங்கே ஒரு மெஷின் எதிர்பாராமல் கீழே இறங்கி, மார்க்கோஸ் என்ற ஆபரேட்டரின் ஆள்காட்டி விரல் நகத்தைப் பிய்த்துவிட்டது. இன்னும் கொஞ்சம் உள்ளே இருந்திருந்தால் விரலே போயிருக்கும். கால் பெடலை மிதித்தால்தான் அந்த மெஷின் இறங்கும். ஆகவே அவரே தெரியாமல் மிதித்துவிட்டார் என்று முடிவு கட்டியிருந்தார்கள். மெஷினில் கோளாறு இல்லை என்று நாம் எழுதித் தந்தால் போதும். மார்க்கோஸின் வேலை போய்விடும். மேனேஜர் அதை மறைக்கவும் இல்லை.

நான் கருவிகளை வைத்து இரண்டு மணி நேரம் பார்த்தேன். மெஷின் பரம சாதுவாக இருந்தது. அந்த நேரம் முழுக்க நீ கேன்டீனில் மார்க்கோஸோடு உட்கார்ந்திருந்தாய். உனக்கு ஸ்பானிஷ் அரைகுறை, அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. கட்டுப்போட்ட விரலைத் தூக்கித் தூக்கி அவர் பேசியதும், நீ வாயே திறக்காமல் தலையாட்டியதும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

பார்க்கிங்கில், காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்ததும் வெடித்தேன்.

"ஒண்ணுமே இல்லடி. க்ளீனா இருக்கு. லெட்டர் குடுத்துட்டுக் கிளம்பலாம்."

"ஏட்டி, அந்த ஆளு மிதிக்கல."

"அவரு அப்படித்தான் சொல்லுவாரு. வேலை போகப்போவுது, வேற என்ன சொல்லுவாரு?"

"பதினேழு வருசமா அதே மெஷின்ல நிக்காரு. அன்னைக்கு என்னல்லாம் கேட்டுச்சுன்னு கேட்டேன். பின்னாடி சூப்பர்வைசர் நின்னு வாக்கி டாக்கில லாரிக்காரன்ட்ட கத்திக்கிட்டு இருந்தாராம். அந்த நேரத்துலதான் எறங்குச்சாம். நீ டெஸ்ட் பண்ணும்போது யாராவது வாக்கி டாக்கில பேசுனாங்களா?"

யாரும் பேசவில்லை. நமக்கு மரியாதை கொடுப்பதாக நினைத்து எல்லாரும் அமைதியாக விலகி நின்றிருந்தார்கள். எனக்குச் சட்டென்று உறைத்தது; ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இந்த கிளையன்ட் போய்விட்டால் கராஜுக்கு சைக்கிள்கள் திரும்பி வந்துவிடும் என்றேன்.

"வரட்டும். ஓட்டுவோம்" என்றாய். பிறகு, "உன் டிபன் பாக்ஸ்ல என்ன இருக்கு?"

"எதுக்கு?"

"சொல்லேன்."

"தயிர் சாதம். ஒரு வெள்ளரிக்காய்."

"சாதத்தை நீ தின்னு. வெள்ளரிக்காய எனக்குத் தா."

நோன்புக்காரிக்கு வெள்ளரிக்காய் எதற்கு என்று நான் விழித்ததை நினைத்து நீ பிற்பாடு எத்தனை தடவை சிரித்திருப்பாய்!

மேனேஜரையும் சூப்பர்வைசரையும் மார்க்கோஸையும் மெஷின் அருகே கூப்பிட்டாய். எல்லாரையும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினாய். விரல் இருந்த இடத்தில், ஒரு நீளக் குச்சியால் தள்ளி, என் வெள்ளரிக்காயைப் படுக்க வைத்தாய். பெடலின் மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்தாய், யார் காலும் படாதபடி. சூப்பர்வைசரிடம், அன்று போலவே லாரிக்காரரிடம் பேசச் சொன்னாய். அவர் வாக்கி டாக்கியை அழுத்தி ஏதோ பேசினார். ஒன்றும் நடக்கவில்லை. ஓரடி நகர்ந்து மறுபடி. ஒன்றுமில்லை. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நீ மட்டும், மார்க்கோஸிடம் சைகையால், "அன்று சூப்பர்வைசர் எங்கே நின்றார்?" என்று கேட்டாய். அவர் பின்னால், இடது பக்கத் தூணைக் காட்டினார். பெடலின் கேபிள் அந்தத் தூணை ஒட்டித்தான் போகிறது.

சூப்பர்வைசர் அங்கே போய் நின்று பட்டனை அழுத்தினார். "ஹலோ" என்பதை முடிக்கவில்லை. மெஷின் இறங்கியது. வெள்ளரிக்காய் இரண்டு துண்டாகி, ஒரு துண்டு மேனேஜரின் பூட்ஸில் வந்து விழுந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. மார்க்கோஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். மேனேஜரின் முகம் வெளுத்துவிட்டது. உடனே மெஷினின் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டச் சொன்னாய்.

அப்புறம் நடந்ததெல்லாம் சுலபம். அந்தக் கேபிளைச் சில மாதங்களுக்கு முன் மாற்றியவர், உள்ளே வானொலி அலை புகாமல் காக்கிற உலோக வலையை மெஷினின் உடம்போடு இணைக்காமல், வெட்டி டேப் சுற்றி விட்டுவிட்டார். வாக்கி டாக்கியின் அலை அதற்குள் புகுந்ததும், யாரோ பெடலை மிதித்துவிட்டதாக மெஷின் நம்பிவிட்டது. கேபிளை மாற்று, கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்துகிற ஒளித்திரையைப் பொருத்து என்று எழுதிக் கொடுத்தோம். மேனேஜர் நல்ல மனிதர். எல்லார் முன்னாலும் மார்க்கோஸிடம் மன்னிப்புக் கேட்டார். கிளம்பும்போது, மற்ற இரண்டு பிளான்ட்டுக்கும் எப்போது வருவீர்கள் என்று என்னிடம் கேட்டார். மார்க்கோஸ் வாசல் வரை வந்து, கட்டுப்போட்ட விரலோடு என் கையைக் குலுக்கினார். அவர் பொய் சொல்கிறார் என்று காருக்குள் சொன்னவள் நான் என்பது அவருக்குத் தெரியாது. நீயும் சொல்லவில்லை. என்னிடம்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும் வழியெல்லாம், "ஒரு வெள்ளரிக்காய்க்கு எத்தன வேல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அன்று உன் வீட்டில்தான் நோன்பு திறந்தோம். நான் கஞ்சியை மூன்று கிண்ணம் குடித்தேன், நோன்பு வைத்தவளைவிட அதிகமாக.

பிறகு உனக்கு இதயத்தில் வந்த கோளாறை எந்த டாக்டரும் முன்கூட்டிப் பிடிக்கவில்லை. அதைப் பற்றி எழுத இந்த மடலில் எனக்கு விருப்பமில்லை. நீ இருந்த பதினோரு வருடத்தைப் பற்றி எழுதவே இடம் போதவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஹூஸ்டன் பக்கம் ஒரு பேக்கிங் பிளான்ட்டுக்குப் போனேன். அங்கே மெஷின் திடீரென்று ஓடி, அதை இயக்கிய பெண்ணுக்குக் கையில் அடிபட்டிருந்தது. வாசலிலேயே சொல்லிவிட்டார்கள், தப்பு ஆபரேட்டர் மேல்தான் என்று. நான் அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றேன். முதலில் அவள் தன் மேல் தப்பே இல்லை என்றாள். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் கழித்து அவளே சொன்னாள்: "நான்தான் தவறான பட்டனை அழுத்திவிட்டேன். இரண்டும் பச்சை, பக்கத்துப் பக்கத்தில்." போய்ப் பார்த்தேன். யாராக இருந்தாலும் ஒரு நாள் மாற்றி அழுத்தத்தான் செய்வார்கள். ரிப்போர்ட்டில் அப்படியே எழுதினேன். பட்டனை மாற்றிவிட்டார்கள், அவள் வேலையில் இருக்கிறாள்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும், கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் அடிபட்டவரைத் தேடிப் போய், "என்ன நடந்தது, நீங்க சொல்லுங்க" என்கிறேன். பிறகு உன்னைப் போல வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். கேள்வி கேட்பது எனக்கு எப்போதோ பழகிவிட்டது. வாயை மூடுவதுதான், பார்ட்னர், இன்னும் பயிற்சியில் இருக்கிறது.